சரி, அழுதான். அப்புறம்?

சிறந்த ரிடெம்ப்ஷன் ஆர்க் எது என்று எங்கே கேட்டாலும் பத்து பேர் ஒரே குரலில் ஸுக்கோ என்பார்கள். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் நெருப்பு தேசத்து இளவரசன். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் 61 எபிசோடுகள். எனக்கும் அவனைப் பிடிக்கும். என் சண்டை ஸுக்கோவோடு அல்ல, அவனைக் கொண்டாடுகிறவர்களோடு. குறிப்பாக, "தொடரோடு நிறுத்திக்கோ, காமிக்ஸ் பக்கம் போகாதே, அதுல அவனைக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவர்களோடு.

இவர்கள் சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான். 13 வயதுப் பையன். புதுப் படைவீரர்களைச் சாகக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக அப்பா அவன் முகத்தைப் பொசுக்கி நாடு கடத்துகிறார். மூன்று சீசன் தவிப்பு. கடைசியில் கூடாரத்தில் ஐரோவின் முன்னால் மண்டியிட்டு அழுகிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கிழவர் இழுத்து அணைத்துக்கொள்கிறார். நாமும் அழுகிறோம். கிரீடம். முற்றும்.

சரி, அழுதான். அப்புறம்?

தமிழில் இதை 'மீட்சி' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் ஒத்துவருவதில்லை. மீட்சி நமக்கு நடப்பது, யாரோ கிணற்றிலிருந்து தூக்கிவிடுவதுபோல. 'கழுவாய்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அது நாம் செய்வது. கறை இருந்தால்தான் கழுவ முடியும், அந்தக் கறையும் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டில் இருக்கும்.

தொடருக்கே இது தெரியும். இரண்டாம் சீசனின் 'ஸுக்கோ அலோன்' எபிசோடை நினைத்துப் பாருங்கள். மண் ராஜ்ஜியத்து கிராமம் ஒன்றில் பன்றி வளர்க்கும் குடும்பம் அவனுக்குச் சோறு போடுகிறது. அந்த வீட்டுச் சிறுவன் லீக்கு அவன் தன் கத்தியைக் கொடுக்கிறான். பிறகு அந்தப் பையனை ரவுடிச் சிப்பாய்களிடமிருந்து காப்பாற்ற நெருப்பை எடுக்க வேண்டிவருகிறது. தன் பெயரை, தாய் தகப்பன் பெயரை உரக்கச் சொல்கிறான். ஊரே பின்வாங்குகிறது. கத்தியை மறுபடி நீட்டுகிறான். வேண்டாம், உன்னை வெறுக்கிறேன் என்கிறான் லீ.

அந்தக் கத்தி எங்கிருந்து வந்தது? பா சிங் சே நகரத்தை முற்றுகையிட்டபோது, சரணடைந்த மண் ராஜ்ஜியத் தளபதியிடமிருந்து ஐரோ பெற்று அனுப்பிய பரிசு. அதாவது அந்தச் சிறுவனின் நாட்டிலிருந்து வந்த போர்ச் சின்னத்தையே அவனுக்கு அன்பளிப்பாக நீட்டுகிறான். லீ வாங்க மறுத்தது சின்னப்பிள்ளைத்தனம் இல்லை. தான் நல்லவனாகிவிட்டதாக ஸுக்கோ நினைத்த கணத்தில், அதை ஏற்றுக்கொள்ளும் கடமை எனக்கில்லை என்று ஒருவன் சொல்கிறான். ரசிகர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து "பாவம் ஸுக்கோ" என்கிறார்கள். லீயின் அண்ணன் போருக்குப் போய் எதிரிகளிடம் சிக்கியிருக்கிறான். பாவம் யார்?

கட்டாரா விஷயமும் இதேதான். நிலத்தடிப் படிகக் குகையில் அவனை நம்பி, வடுவைக் குணப்படுத்தக்கூடிய ஒரே புனித நீரை அவனுக்குத் தரத் தயாராக இருந்தாள். சற்று நேரத்தில் அவன் தங்கை பக்கம் போனான். மூன்றாம் சீசனில் மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைச் சேர்த்துக்கொண்ட பிறகும் கட்டாரா அசையவில்லை. அவளை 'ஓவர்' என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி: வஞ்சிக்கப்பட்டவள் எத்தனை எபிசோடுக்குள் மன்னிக்க வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இப்படி நுணுக்கமாகப் போன தொடர், கடைசியில் அவனுக்கு ஒரு சிம்மாசனத்தைக் கொடுத்து முடித்துக்கொள்கிறது. நூறு வருடம் உலகத்தை எரித்த அரசின் சிம்மாசனம். இங்கேதான் காமிக்ஸ் எனக்கு முக்கியமாகிறது. ஜீன் லூயென் யாங் எழுதி, குரிஹிரு வரைந்து, 2012இல் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட 'தி ப்ராமிஸ்' மூன்று பாகங்கள். எடுத்த எடுப்பில் ஸுக்கோ ஆங்கிடம் ஒரு வாக்குக் கேட்கிறான்: நான் என் அப்பாவைப் போல ஆனால் என்னைக் கொன்றுவிடு. கைப்பற்றிய மண்ணிலிருந்து நெருப்பு தேசத்துக் குடியேறிகளை வெளியேற்றுவது என்று முடிவாகிறது. நியாயம்தான். ஆனால் யூ டாவ் என்ற பழைய குடியேற்ற ஊரிலிருந்து கோரி என்ற பெண் அவனைக் கொல்ல வருகிறாள். அப்பா நெருப்பு தேசத்தவர், அம்மா மண் ராஜ்ஜியத்தவர். தன்னை நெருப்பு தேசத்துப் பிரஜை என்றுதான் சொல்கிறாள், வசப்படுவதோ மண். இவளை எந்தக் கரைக்கு அனுப்புவது? ஸுக்கோ உத்தரவை நிறுத்துகிறான். உலகம் மறுபடி போரின் விளிம்புக்கு வருகிறது. குழம்பிப்போனவன் ரகசியமாகச் சிறைக்குப் போய் அப்பாவிடமே யோசனை கேட்கிறான். அதை மறைத்ததற்காக மே அவனை விட்டுப் போகிறாள்.

"மூன்று சீசன் வளர்ச்சி வீணாப்போச்சு" என்று புலம்புகிறார்களே, அது இந்த இடத்துக்காகத்தான். எனக்கோ முழுக்கதையிலும் நேர்மையான இடம் இது. திருந்திய ஒருவன் கையில் படையும் கஜானாவும் வந்தால் அவன் பயப்படத்தான் வேண்டும். கூடாரத்து அழுகைக்கு அணைப்பு கிடைத்தது. குடியேற்றப் பிரச்சினைக்கு யார் அணைப்பு கொடுப்பார்கள்? அங்கே எந்த முடிவெடுத்தாலும் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். இன்னொன்று. முதல் சீசனில் ஸுக்கோ கியோஷி தீவின் ஊரைக் கொளுத்தினான். 'தி ப்ராமிஸ்' கதையில் கொலை முயற்சிகளிலிருந்து அவனைக் காக்க நிற்பவர்கள் அதே கியோஷி வீராங்கனைகள். இந்த முரணைப் பற்றி ஒரு ரசிகராவது பேசிக் கேட்டதில்லை.

ஐரோவையும் விட்டுவைக்க முடியாது. 'அங்கிள் ஐரோ' என்று எல்லாரும் உருகுகிறார்கள். நம் கணக்கில் அவர் பெரியப்பா. 600 நாள் பா சிங் சேவை முற்றுகையிட்ட தளபதி. ஊரை எரித்துச் சாம்பலாக்காமல் இருந்தால் நீங்களும் வந்து பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கடிதத்தில் ஜோக் எழுதியவர். தன் மகன் செத்த பிறகுதான் அவருக்குப் போர் கசந்தது. பிற்பாடு அதே நகரத்தில் தேநீர்க்கடை போடுகிறார், ஊரே குடித்துப் புகழ்கிறது. சுவருக்கு வெளியே அவர் படை கொன்றவர்களின் வீட்டார் யாராவது ஒரு நாள் கடைக்கு வந்திருந்தால் அந்தத் தேநீர் எப்படி இருந்திருக்கும்? கதை கேட்கவில்லை. கடைசிப் போரில் அவர் அந்நகரத்தை மீட்டுக் கொடுக்கிறார், உண்மை. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

அப்புறம் அசூலா. 14 வயது. அதே வீடு, அதே அப்பா. அண்ணனுக்கு வெளிப்படையாகத் தீக்காயம், தங்கைக்குப் பாராட்டு. பாராட்டும் அங்கே ஒரு காயம்தான், வடு தெரியாது, அவ்வளவே. ஸுக்கோவுக்குப் பின்னாலேயே ஒரு பெரியப்பா மூன்று வருடம் தேநீர் போட்டுக்கொண்டு அலைந்தார். அசூலாவை மனநல விடுதியில் கட்டிப்போட்டார்கள். 2013இல் வந்த 'தி சர்ச்' காமிக்ஸில் அம்மாவைத் தேடும் பயணத்துக்கு அவளையும் கூட்டிப் போகிறார்கள், அவளிடம் துப்பு இருப்பதால். கடைசியில் ஸுக்கோ தங்கையாக அவளிடம் பேசிப் பார்க்கிறான். அவள் காட்டுக்குள் ஓடிவிடுகிறாள். அவளுக்கு ஆர்க் கேட்டு எழுதினால் "அவ சைக்கோ ப்ரோ" என்று ஒரே வரியில் பதில் வருகிறது, எழுதியவரின் முகப்புப் படத்தில் வடுவோடு ஸுக்கோ.