கிழங்கை விட்டுக் கோரையை அறுக்கலாமா?

வயலில் கோரையை அறுத்துப் போட்டால் நாலு நாளில் மீண்டும் தலை நீட்டும். கிழங்குதான் மண்ணுக்குள் இருக்கிறதே!

நுரையீரல் புற்றுநோயும் அப்படித்தான். மாத்திரையால் கட்டி கரைகிறது. நோயாளி எழுந்து நடமாடுகிறார். வீட்டார் மகிழ்கிறார்கள். ஆனால், பலருக்குக் கட்டி மறுபடியும் வந்துவிடுகிறது. காரணம் என்ன?

கெட்டுப்போன காது

உடம்பில் உள்ள செல், உத்தரவு வந்தால்தான் பிரிந்து வளரும். அந்த உத்தரவைக் கேட்கும் "காது" ஒன்று செல்லின் மேல்புறத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஈ.ஜி.எப்.ஆர். காதில் விழுந்த செய்தி கைமாறிக் கைமாறிச் செல்லின் நடுவே உள்ள கருவுக்குப் போகிறது.

நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலரிடம் இந்தக் காது கெட்டிருப்பதை 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். யாரும் சொல்லாமலே அது "வளர், வளர்" என்று கூவுகிறது! "ஜெபிட்டினிப்" மாத்திரை அதன் வாயை அடைக்கிறது. இந்தக் கோளாறு இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் பெரும்பாலும் பயன் இல்லை.

பதுங்கும் செல்கள்

கட்டியில் எல்லாச் செல்களும் ஒரே மாதிரி அல்ல. சில செல்கள், மருந்து வந்ததும் வளர்வதை நிறுத்திப் பதுங்குகின்றன. புதிய கட்டியை உண்டாக்கும் வல்லமை உள்ள செல்களை "புற்றுநோய் ஸ்டெம் செல்" என்கிறார்கள். இவைதான் கிழங்கு! தாயின் வயிற்றில் குழந்தையின் உறுப்புகளை உருவாக்கும் "நாட்ச்", "விண்ட்", "ஹெட்ஜ்ஹாக்" என்ற செய்திப் பாதைகளை இவை கையாளுகின்றன. ஒரு வழியை அடைத்தால் மறுவழி!

எல்லா வழிகளையும் அடைத்துவிட்டால் என்ன? நம் குடல் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளவும் இதே பாதைகள் வேண்டும். நோயோடு நோயாளியும் வாடுவார். அதுதான் சங்கடம்.

செய்ய வேண்டியது

ஆகவே, எந்தக் கோளாறு என்று பரிசோதிக்காமல் மாத்திரை கொடுப்பது இருட்டில் கல் எறிவதாகும். நோய் திரும்பினால் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். முதலில் வந்த மாத்திரைகள் பலன் இழந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம், அதே காது இன்னொரு விதமாக மாறி இருந்தது. அதற்கான "ஒசிமெர்ட்டினிப்" மாத்திரைக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பரிசோதித்தால்தானே மாற்று மருந்து தெரியும்!

சிகரெட்டை விட்டால் பெரும் ஆபத்து குறையும். ஆனால், சிகரெட்டைத் தொடாத பெண்களையும் இந்நோய் தாக்குகிறது. ஈ.ஜி.எப்.ஆர். கோளாறு ஆசியாவில் அவர்களிடமே அதிகம். "புகை பிடித்தாயா?" என்று குற்றவாளிபோல் கேட்டு என்ன பயன்?

இந்தப் பரிசோதனை பணம் படைத்தவருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. ஏழையின் கட்டியிலும் அதே கிழங்குதான் இருக்கிறது!