ஆயிரத்தொரு இரவுகளுக்கு எதிராக நாங்கள் ஏன் கையெழுத்து வைக்கவில்லை



படம் போட்ட ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுதியை வாசிகசாலையிலிருந்து அகற்றச் சொல்லி ஒரு கடிதம் நயினாதீவில் வீடு வீடாகப் போகிறது. ஆபாசம், பேய், பிணம், எங்கட பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அதன் சாரம். படிப்பிக்கிற நாங்கள் சிலர் கையெழுத்து வைக்கவில்லை. ‘நீங்களுமா சேர்?’ என்று கேட்கிறீர்கள். ஓம், நாங்களும்தான்.

ஆபாசம் இருக்கிறதா? இருக்கிறது. மனைவியின் துரோகத்தைக் கண்ட ஷஹ்ரியார் மன்னன் ஒவ்வோர் இரவும் ஒரு கன்னியை மணந்து விடியலில் கொல்கிறான். சீதி நுஃமானின் மனைவி ஆமினா பகலில் சோற்றைப் பருக்கை பருக்கையாகக் கொறிக்கிறாள். இரவில் மையவாடிக்குப் போய்ப் பேயோடு குந்தியிருந்து பிணம் தின்கிறாள். காமமும் பயமும் பின்னிக் கிடக்கிற கதைகள்தான். ஆனால் அந்தக் கொலைகார மன்னனை நிறுத்தியது யார்? படையில்லை, வாளில்லை. கிதாபு படித்த ஒரு பெண், வாயாலே நிறுத்தினாள். கடிதம் எழுதியவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், ஷஹ்ரசாத்தைப் பார்க்கவில்லை.

‘வெள்ளைக்காரன் கட்டிவிட்டது’ என்றும் ஒரு கதை. 1704 இல் பிரெஞ்சில் வெளியிடத் தொடங்கிய கலான், சிரியாவிலிருந்து வந்த அரபுக் கையெழுத்துப் பிரதியை வைத்துத்தான் தொடங்கினார். ஆமினாவின் கதை, அவருக்கு அலெப்போக்காரர் ஹன்னா தியாப் வாயால் சொன்னது. 1835 இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் அரபியிலேயே அச்சிட்டது. அதே எகிப்தில் 2010 இல் சில வழக்கறிஞர்கள் இதைத் தடைசெய்யக் கேட்டபோது அரச வழக்குத்தொடுநர் மறுத்துவிட்டார். கெய்ரோவுக்கு வராத ஈமான் பயம் நயினாதீவுக்கு ஏன் வந்தது?

எங்களுக்கு உண்மையில் நெஞ்சு பதறியது கடிதத்தின் கடைசி வரியில்: எடுக்காவிட்டால் பொலிஸில் முறைப்பாடாம்.

மன்னாரைச் சேர்ந்த எங்கட ஆசிரியர், கவிஞர் அஹ்னாப் ஜஸீமை மறந்துவிட்டீர்களா? ‘நவரசம்’ என்ற கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தீவிரவாதத்தை எதிர்த்து எழுதிய கவிதையும் அதிலேயே இருந்தது. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். அதற்கு முதல் 2019 இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, விகாரையில் நடக்கும் பாலுறவைத் தொட்டு எழுதிய ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் உள்ளே இருந்தார். முறைப்பாடு செய்தவர்கள் பிக்குகள். அவர்கள் செய்தது பிழை என்று அன்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். இன்று அதே பேனையை எங்கட கையில் எடுப்பதா? புத்தகத்தைப் பார்க்கப் பொலிஸைக் கூப்பிட்டால், அவர்கள் மற்ற அலுமாரிகளையும் திறந்து பார்ப்பார்கள். அதில் அரபு எழுத்துள்ள புத்தகம் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்ததை இன்றும் சொல்லி அழுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ‘எரித்தாலும் தப்பில்லை’ என்று ஒரு தம்பி குழுமத்தில் எழுதியிருக்கிறார். தம்பி, அதை நீக்கிவிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானது. தரம் 6 பிள்ளையிடம் இந்தத் தொகுதியை நாங்களும் கொடுக்கமாட்டோம். சிந்துபாத்தும் அலாவுதீனும் உள்ள சிறுவர் பதிப்பு கீழ்த்தட்டில் இருக்கட்டும். இந்தத் தொகுதி பூட்டுள்ள அலுமாரியில், பெரியவர்கள் பெயர் பதிந்து எடுக்கிறமாதிரி இருக்கட்டும். நிருவாகத்திடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கடிதத்தில் ஒப்பமிட்டவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு வாசிகசாலைக்கு வாருங்கள். எந்தப் பக்கம் பிரச்சினை என்று புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள், இருந்து பேசுவோம்.