பரணில் உறங்கும் கூடாரம்

மார்கழி பிறந்துவிட்டால் ஹைதராபாத்தில் வெயில் தணிந்து, திறந்த வெளியில் தங்குவதற்கு உகந்த காலம் வந்துவிடுகிறது. மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், விகாராபாத்துக்கு அருகே அனந்தகிரி மலை இருக்கிறது. நம் நகரின் நடுவே ஓடும் மூசி நதி பிறப்பது அங்கேதான். ஆயினும் கூடாரம், மெத்தை, அடுப்பு ஆகியவற்றின் விலையைக் கேட்டதுமே பயண எண்ணத்தைக் கைவிடும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

நம் பாட்டன்மார் கூண்டு வண்டி கட்டித் திருவிழாவுக்குச் சென்றபோது எதையும் விலைக்கு வாங்கவில்லை. தோப்பில் வண்டியை அவிழ்த்து, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கி, ஜமக்காளம் விரித்து உறங்கினார்கள். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நாம் அந்தக் கைப்பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிடலாமா?

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, 1955-ஆம் ஆண்டில், தமது 67-ஆம் வயதில், 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியே நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பையும், ஒரு கம்பளியும், மழைக்குக் குளியலறைத் திரையுமே அவர் கொண்டுசென்ற முக்கியச் சாமான்கள். பதினொரு மக்களைப் பெற்றவர் அவர்!

முதலில் கூரையைக் கவனிப்போம். விழா முடிந்தபின் எறியப்படும் ஃபிளெக்ஸ் பதாகை நீர் புகாதது. மூலையில் துளையிட்டால் கிழியும். ஆகவே ஒரு கூழாங்கல்லை மூலையில் வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றை இறுகக் கட்டுக. இரு மரங்களுக்கிடையே கொடி கட்டி, அதன்மேல் பதாகையைச் சரிவாகத் தொங்கவிடலாம். இங்கே பாறை நிலம் மிகுதி. முளை இறங்காத இடத்தில் கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டுவதே நன்று.

அடுத்தது படுக்கை. குளிர் மேலிருந்து வருவதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் தரையும் உடற்சூட்டை விடாமல் உறிஞ்சுகிறது. உடலின் பாரத்தால் நசுங்கிய துணி அதைத் தடுப்பதில்லை. கோணிப்பையில் வைக்கோலையோ கசக்கிய செய்தித்தாளையோ நிரப்பித் தைத்து விரித்தால், உள்ளே அடைபட்ட காற்று சூட்டைக் காக்கும். போர்வை இரண்டிருந்தால் ஒன்று கீழே இருக்கட்டும்.

அடுப்புக்கு எண்ணெய் டின் போதும். மேல்தகட்டை நீக்கி, அடியில் சுள்ளி செருக ஒரு வாயிலும், மேல் விளிம்பை ஒட்டிப் புகை வெளியேறச் சில துளைகளும் இடுக. கையைக் கிழிக்காதபடி வெட்டிய ஓரங்களை மடித்துத் தட்டுக. கூரையின்கீழ் ஒருபோதும் தீ மூட்டலாகாது: ஃபிளெக்ஸ் எளிதில் எரியும், மறைவிடத்தில் தேங்கும் கரிப்புகையோ உயிரையே கொல்லும். காட்டில் தங்கவும் தீ மூட்டவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். அது கிடையாவிடில் புளியோதரை இருக்கவே இருக்கிறது.

முதல் இரவை மொட்டை மாடியிலேயே கழியுங்கள். எந்த முடிச்சு நழுவுகிறது, எந்தப் பக்கம் காற்று புகுகிறது என்பது அங்கேயே விளங்கிவிடும். கயிறு கட்டுவதையும் கோணி தைப்பதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். விலைக்கு வாங்கிய கூடாரத்தில் அவர்கள் விருந்தினர். தாங்களே கட்டிய கூரையின்கீழ் வீட்டுக்காரர்கள்.