மிச்சமான கூலி யாருடையது?

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் பெண்களின் முதுகில் ஏறித்தான் வீடு வந்து சேர்கின்றன. நாற்றுப் பறிப்பு, நடுகை, களையெடுப்பு ஆகிய மூன்றும் அவர்கள் வேலை. அவர்களில் பலர் காலனிகளிலிருந்து வரும், சொந்த நிலம் இல்லாத தலித் பெண்கள். ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும் அந்தக் கூலியில்தான் கடை பாக்கியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அடைபடுகின்றன.

இதே வயல்களில் 2003-04ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. மடகாஸ்கர் நாட்டில் உருவான ஒற்றை நாற்று நடவு முறையை, மாநில அரசு தந்த நிதியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் உழவர்களின் வயலிலேயே செய்து பார்த்தது. தாமிரபரணியில் மட்டும் 100 உழவர்கள் பங்கேற்றனர். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, உருளும் களைக்கருவி, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகே அடுத்த தண்ணீர் என்பது முறை. பின்னாளில் இதற்குத் ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று பெயர் வந்தது.

பலன் நன்றாகவே இருந்தது. வழக்கமான முறையில் ஹெக்டேருக்கு 5,657 கிலோ கண்ட இடத்தில், புதிய முறையில் 7,227 கிலோ விளைந்தது. ஏக்கருக்குச் சுமார் 635 கிலோ கூடுதல். விதையும் தண்ணீரும் குறைந்தன. சாகுபடிச் செலவு 11 சதவீதம் குறைந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் பயிர் காயும் ஆற்றில் இது சிறிய செய்தி அல்ல. இந்த முறையை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் அதே சோதனைக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. மொத்த ஆள் தேவை 8 சதவீதம் குறைந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால், ஆண்களின் வேலை 60 சதவீதம் கூடியிருக்கிறது. பெண்களின் வேலை 25 சதவீதம் குறைந்திருக்கிறது. கையால் களை பறித்தபோது அது பெண் வேலை. கருவி வந்ததும் அது ஆண் வேலையாகிவிட்டது.

நில உடைமையாளரின் ஏட்டில் இது ‘செலவு மிச்சம்’. காலனி வீட்டில் இதுவே போன கூலி. நான்கு நாள் வேலைக்குப் போனவர் மூன்று நாள்தான் போவார் என்றால், அந்த ஒரு நாள் கூலிக்கு என்ன ஈடு? குனிந்த முதுகுக்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்லலாம். ஓய்வு அடுப்பை எரிக்காது.

கூலியின் அருமையை இந்த ஆற்றங்கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

சோதனை அத்தோடு நிற்கவில்லை. 2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இந்த முறையை மாநிலத்தின் பல படுகைகளுக்குக் கொண்டு சென்றது. இன்றும் நேரடி விதைப்பு, இயந்திர நடவு, சொட்டுநீர் என்று புதிய முறைகளுக்கு மானியம் வருகிறது. ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் இயந்திரம் வாங்க 20 சதவீதம் கூடுதல் மானியத்தை மாநில அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அதைப் பெறப் பட்டா வேண்டும்; சிறு, குறு விவசாயி சான்று வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவருக்கும் கூலிக்கு நடுகிறவருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை.

எனவே நாம் கேட்பது இவைதான். பொதுப்பணத்தில் நடக்கும் எந்த வயல் சோதனையிலும் விளைச்சலோடு, தண்ணீரோடு, கூலி நாள்களையும் ஆண், பெண் எனப் பிரித்து வெளியிட வேண்டும். களைக்கருவி, நடவு இயந்திரம் ஆகியவற்றில் பெண்களுக்குப் பயிற்சி தந்து, அவற்றை அந்தந்த ஊர்க் காலனியின் மகளிர் குழுக்களுக்கே உடைமையாக்க வேண்டும். உடைமையாளர் அவர்களிடம் வாடகைக்கு எடுக்கட்டும். இழந்த கூலி அந்த வழியாகத் திரும்பட்டும். பெண்கள் எளிதாகத் தள்ளும் எடையில் கருவி செய்யப்பட வேண்டும். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி கோயில், மட நிலக் குத்தகைதாரர்களைப் பதிவு செய்து, அவர்களுடைய வயலையும் சோதனை வயலாக எடுக்க வேண்டும்.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்காகக் கிராமங்களில் தங்கும்போது உழவரின் வீட்டில் விளைச்சல் கணக்கை எழுதிக்கொள்கிறீர்கள். அன்று மாலையே காலனிக்கும் போங்கள். சென்ற பிசானத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, அதற்கு முந்தைய பிசானத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் இருந்தால்தான் சோதனை முழுமையாகும்.