பகாப்பதம் அறிந்தோர்க்குப் பகாத் தொடரகம் புரியாதா?

உயர்கணிதம் தமிழுக்கு வராது என்று பாமரர் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. கற்றறிந்தோரே சொல்கிறார்கள், இலக்கிய இதழ் வாசிக்கும் நாமும் தலையாட்டுகிறோம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் முதுகலைக் கணித மாணவர் ஒருவர் டோபாலஜி எனும் இடவியல் பாடத்தை மனனம் செய்துகொண்டிருந்தார். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழி. ‘இன்டீகம்போசபிள் கன்டினுவம்’ என்ற சொற்றொடரைக் காட்டிப் பொருள் கேட்டோம். “அது தேர்வுக்கு வேண்டாம் ஐயா” என்றார். அவரைக் குறை சொல்வது அறமாகாது.

பொருள் அப்படியொன்றும் எட்டாததன்று. அறுபடாமல் இணைந்து, தன் விளிம்புகளையும் தன்னுள் அடக்கிய, வரம்புக்குட்பட்ட வடிவம் தொடரகம். நாம் சென்ற சாலையும் அப்படிப்பட்டதே. அதைத் திண்டிவனம் முதல் விக்கிரவாண்டி வரை, விக்கிரவாண்டி முதல் விழுப்புரம் வரை என இரு சிறு தொடரகங்களின் சேர்க்கையாகக் காணலாம். எவ்வகையிலும் இவ்வாறு பகுக்க இயலாத தொடரகங்களும் உண்டு. 1910-இல் டச்சுக் கணித அறிஞர் பிரௌவர் அத்தகைய ஒன்றை முதலில் காட்டினார்.

1917-இல் ஜப்பானியரான யோனெயாமா தம் ஆசிரியர் வாடாவின் பெயரால் வெளியிட்ட எடுத்துக்காட்டு, இன்று ஒரு கதையாகச் சொல்லப்படுகிறது. கடல் சூழ்ந்த தீவில் இரண்டு ஏரிகள். கடலிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் முறைவைத்துக் கால்வாய் வெட்டுகிறார்கள். நீர்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எஞ்சிய நிலத்தின் எந்தப் புள்ளிக்கும் அந்த நீர் முன்னினும் அருகே வருகிறது. முடிவின்றித் தொடர்ந்தால், எஞ்சும் ஒவ்வொரு புள்ளியும் மூன்று நீருக்கும் பொதுக்கரை. ஏரிப்பாசன மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட எளிய வாசல் ஏது?

சொல் இல்லை என்பீர்களா? நன்னூல் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்துக் காட்டியது. அதே வேரில் ‘பகா எண்’ பள்ளிக் கணக்கில் வழங்குகிறது. ‘பகாத் தொடரகம்’ என்பதில் மட்டும் என்ன தயக்கம்?

யோனெயாமா ஆங்கிலத்தில்தானே எழுதினார் என்பீர்கள். உண்மை. நாமும் ஆங்கிலத்தை விலக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு படியின் நிலையும் அடுத்த படியிலிருந்து பெறப்படும் முடிவிலாச் சங்கிலிகள் அனைத்தையும் ஒரே வடிவமாகத் திரட்டுவது நேர்மாறு எல்லை. எளிய மடிப்பு ஒன்றிலிருந்தே பகாத் தொடரகத்தைப் பிறப்பிக்கும் கருவி. ஒரு புள்ளிக்கு ஒரே விளைவு என்ற விதியைத் தளர்த்தி, பல விளைவுகளுக்கும் இடம் தந்து, இங்கிராமும் மகாவியரும் 2006-இல் அதைப் பொதுமைப்படுத்தினர். அவர்கள் கட்டுரையை ஆங்கிலத்தில் படித்தே ஆகவேண்டும். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறத் தாய்மொழியில் ஒரு படிக்கட்டு வேண்டாமா?

நம் சிற்றிதழ்கள் பிரெஞ்சுக் கோட்பாட்டாளரின் கடுஞ்சொற்களுக்குத் தமிழ் தேடிச் சண்டையிட்டன. மோபியஸ் பட்டை உவமையாக உலவியது. அதன் கணிதத்தை விளக்கப் பத்துப் பக்கம் ஒதுக்கிய இதழ்கள் எத்தனை? கணிதம் நமக்கு அணியாகத் தேவைப்பட்டது, அறிவாகத் தேவைப்படவில்லை.

கல்லூரியில் தமிழ்த்துறைக்கும் கணிதத்துறைக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்வாரம். இத்தனை ஆண்டுகளில் நாம் அதைக் கடந்ததில்லை. சொல் நம்மிடம், பொருள் அவர்களிடம். அந்த மாணவர் பொருளின்றி மனனம் செய்ததில் தமிழ் கற்பிக்கும் நமக்கும் பங்குண்டு. அதை ஒப்புக்கொண்ட பிறகு, தமிழின் பெருமையைப் பேசுவோம்.