கீஸர் வாங்கினால் மட்டும் போதுமா?

மார்கழி பிறந்துவிட்டால் போதும், பெரம்பலூர், அரியலூர் பக்கம் எலக்ட்ரிக் கடைகளில் கீஸர் வியாபாரம் சூடு பிடித்துவிடும். விறகு அடுப்பில் அண்டா வைத்த காலம் மலையேறிவிட்டது. குழாயைத் திருகினால் வெந்நீர். வசதிதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் கீஸருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், அதற்குத் தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் சொல்லும் தொகையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். "பாத்ரூம்லதான் பிளக் பாயிண்ட் இருக்கேப்பா, அதுலயே மாட்டி விடு!"

கணக்கு எளிமையானது. உடனடியாகச் சுடவைக்கும் சின்ன கீஸர் 3000 வாட். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட மெல்லிய ஒயரும் 6 ஆம்பியர் சுவிட்சும் இதைத் தாங்காது. குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் டி.பி. பாக்ஸிலிருந்து தனியாக வர வேண்டும். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் தப்பு நடந்தால் பிளக் கருகும், நாற்றம் வரும், தெரிந்துவிடும்.

தெரியாமல் வருவதுதான் ஆபத்து. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகள் அங்கே குவிந்ததற்குக் காரணமே அதுதான். அந்தப் பூமியின் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது ஹீட்டர் காயிலின் மேல் வெள்ளையாகப் படிந்து இறுகும். சூடு வெளியேற வழியில்லாமல் காயிலின் உறை வெடித்தால் கரண்ட் நேராகத் தண்ணீருக்கு வந்துவிடும்.

அப்போது எர்த் காப்பாற்றும், இல்லாவிட்டால் எம்.சி.பி. விழுந்துவிடும் என்பதுதான் பலரின் தைரியம். நல்ல எர்த் குழியிலும் 10 ஓம் தடை இருப்பது சாதாரணம். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியரில் விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம்! குளிப்பவர் அதுவரை என்ன செய்வார்? நெஞ்சு வழியாக 0.1 ஆம்பியர் ஒரு விநாடி பாய்ந்தாலே இதயம் நின்றுவிடக்கூடும். எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. கடைக்காரர்கள் வாயில் இன்னமும் ஈ.எல்.சி.பி.தான். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். பெரம்பலூரின் பாறை நிலத்தில், சித்திரை வெயிலில் குழி வறண்டு எர்த் தடை 500 ஓம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் கசியும், கருவி விழுந்துவிடும். எர்த் சரியில்லாத ஊருக்குத்தான் இது இன்னும் அவசியம்.

சட்டம் இதை வேறு மாதிரி பார்த்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகள் 5 கிலோவாட்டுக்குக் குறைவான வீட்டு இணைப்புகளுக்கு இந்தக் கருவியிலிருந்து விலக்கு தந்தன. லோடு சிறியது என்றால் ஷாக்கும் சிறியதா என்ன? 2023-ல் புதிய விதிமுறைகள் வந்தன. பழைய வீடுகளின் டி.பி. பாக்ஸ் அதற்காகத் தானாக மாறிவிடவில்லை. புது இணைப்பு வாங்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் ஒயரிங் சான்று கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கீஸர் அந்த வீட்டுக்குள் வருவது ஐந்தோ பத்தோ வருடம் கழித்து! அன்றைக்கு யார் சான்று கேட்கிறார்கள்? கீஸர் விற்கும் கடையே டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டிக் கொடுக்கும்படி விதி செய்யலாம். கீஸர் விலையோடு ஒப்பிட்டால் கூடும் செலவு பெரிதல்ல.

இருக்கிற வீடுகளிலும் அந்தக் கருவியில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியும் விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். எர்த் குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழி போர்டிகோவின் டைல்ஸுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.