பழைய மாத்திரையை விட்டுவிடாதீர்கள்

புதூர் வட்டாரத்துக் கரிசல் ஊர்களிலிருந்து எங்கள் இதயப் பிரிவுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாதாமாதம் இரத்தம் எடுக்கத் தேவையில்லாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே டாக்டர், எனக்கும் அதையே எழுதித் தரக்கூடாதா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. களையெடுப்புக் காலத்தில் பரிசோதனைக்கென்று கோவில்பட்டி வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பேருந்துச் செலவு வேறு. ஆயினும் ஒரு பிரிவு நோயாளிகளுக்கு எங்கள் பதில் "வேண்டாம்" என்பதே. அதற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைப் பாதிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மைட்ரல் வால்வு சுருங்குகிறது. இடது மேலறை விரிகிறது. துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. இதனையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறோம். சரிவரச் சுருங்காத அந்த அறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வருகிறது. அதைத் தடுக்கவே வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற பழைய மாத்திரைகளைத் தருகிறோம்.

புதிய மாத்திரையான ரிவரோக்ஸபான் இவற்றுக்கு ஈடாகுமா என்று 24 நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அப்போது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவர். 2022இல் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழச் சமமான இரு பிரிவுகளாக 4,531 பேர் கணக்கில் எடுக்கப்பட்டனர். புதிய மாத்திரை பெற்றோரில் 552 பேர் இறந்தனர்; பழைய மாத்திரை பெற்றோரில் 442 பேர். பழைய மாத்திரையால் பெரிய இரத்தக்கசிவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவுமில்லை. பங்கேற்றவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 50; பெரும்பாலோர் பெண்கள். எங்கள் வரிசையில் காத்திருக்கும் தாய்மார்களைப் போன்றவர்களே அவர்கள்.

வால்வுச் சுருக்கமோ செயற்கை உலோக வால்வோ இல்லாத துடிப்புக் கோளாறுக்குப் புதிய மாத்திரைகள் நல்லவையே. ஆகவே பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டைக் கொண்டு உங்கள் மருந்தை முடிவு செய்யாதீர்கள்.

மிளகாய்ப் பறிப்பு முடியட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்ட ஒரு தாய், தீர்ந்த மாத்திரையையும் வாங்காமல் இருந்துவிட்டார். வலக்கை விழுந்து, பேச்சும் இழந்த நிலையில் அவரை அழைத்து வந்தனர். அவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கூலியா, பரிசோதனையா என்று ஓர் ஏழையைத் தேர்ந்தெடுக்க வைக்கும் ஏற்பாடுதான் பிழை.

ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் இதைக் காட்டும் சிறு கருவிகள் உள்ளன. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. அந்தக் கருவியும் அவ்வழியே ஊர்களுக்குச் செல்ல வேண்டும். குறைந்தது ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது இருக்க வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

அதுவரை உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில. மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ளுங்கள். கீரையை அடியோடு விலக்க வேண்டாம். அளவை மட்டும் திடீரென மாற்றாதீர்கள். வலிமாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் எங்களிடம் கேட்ட பின்னரே எடுங்கள். பல் பிடுங்குவதற்காகத் தாமாக மருந்தை நிறுத்தாதீர்கள். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்னதாகவே தெரிவியுங்கள். இம்மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். கறுப்பாக மலம் போனாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

வர இயலாத மாதத்தில் அதை எங்களுக்குச் சொல்லுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம், மாற்று வழி தேடுவோம்.